உறைப்பு ஏன் எரியுது? ஒரு சின்னக் கதவின் வரலாறு

அடுப்பில் கை பட்டால் "எரியுது" என்கிறோம். பச்சை மிளகாயைக் கடித்தாலும் "வாய் எரியுது" எண்டுதான் சொல்லுறம். மிளகாய் வெட்டின கையால கண்ணைத் தேய்த்த ஆளிட்ட ஒண்டும் கேக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில மிளகாய், மட்டக்களப்பிலயும் மலையகத்திலயும் கொச்சிக்காய். பெயர் மாறினாலும் வினைச்சொல் மாறுறதில்லை. ஆங்கிலத்திலும் கொதிக்கிற தேநீருக்கும் உறைப்பான கறிக்கும் "ஹொட்" என்ற ஒரே சொல்தான். (வயிறு எரியுது எண்டதை இதுக்குள்ள சேர்க்கேலாது, அது வேற வரலாறு.)

ஆனால் மிளகாயில் நெருப்பு இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்துக் கடித்தாலும் அது எரியும். அந்த நேரம் வாய்க்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் பாதரசம் ஏறியிருக்காது. அப்ப ஏன் சூட்டுக்குரிய சொல்லை உறைப்புக்கும் சொல்லுறம்? இது வெறும் உவமையா, இல்லாட்டி உடம்புக்குள்ளேயே இந்த இரண்டுக்கும் ஒரே வாசலா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய இருநூறு வருடம் எடுத்தது. அந்தப் பதிலுக்கு 2021 இல் நோபெல் பரிசும் கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்ட கிழமை சமூக ஊடகங்களில் "மிளகாய்க்கு நோபெல்" எண்டு கனக்க பகிடிகள் ஓடின. பகிடியைத் தாண்டிப் பார்த்தால், யாருடைய வேலை நினைவில் நிற்குது, யாருடையது நிற்கேல்லை எண்ட கேள்வியும் இதுக்குள்ள கிடக்கு. நோவு எண்டால் என்ன எண்ட கேள்வியும் கிடக்கு. அதனால்தான் இதை எழுத நினைத்தோம்.

மிளகாய் எங்கட ஊர்ச் சாமான் இல்லை எண்டது தெரிந்த விசயம். அது அமெரிக்கக் கண்டங்களின் செடி. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போய், போர்த்துக்கேயரின் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதுக்கு முதல் எங்கட உறைப்பு மிளகு. புதுக் காய்க்குப் பெயர் வைத்தவர்கள் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கினார்கள். பார்த்தால், நாக்கு சரியாகத்தான் கணித்திருக்கிறது. மிளகின் உறைப்புப் பொருளும் மிளகாயின் உறைப்புப் பொருளும் தட்டுவது ஒரே கதவைத்தான். இஞ்சியும் அதே கதவுக்குத்தான் வருகிறது.

மிளகாயின் உறைப்பைப் பிரித்தெடுக்க முதலில் முயன்றவர்கள் மருந்து செய்பவர்கள். 1816 இல் ஜேர்மன் மருந்தாளர் கிறிஸ்டியன் பிரீட்ரிக் புகோல்ஸ் மிளகாயில் இருந்து எரிவுள்ள சாறொன்றைப் பிரித்தார். 1876 இல் இங்கிலாந்தின் ஜோன் கிளஃப் திரெஷ் அதைக் கிட்டத்தட்டத் தூய நிலைக்குக் கொண்டுவந்து "கப்சைசின்" என்று பெயர் வைத்தார். 1930 இல் அதை ஆய்வுகூடத்திலேயே செயற்கையாகச் செய்தும் காட்டினார்கள். வேதியியல் பக்கம் இவ்வளவோடு முடிந்தது. உடம்புப் பக்கம் அப்படி லேசில் முடியவில்லை.

1878 இல் எந்த்ரே ஹோஜெஷ் என்ற ஹங்கேரிய மருத்துவர், மிளகாய்ச் சாறு உணர்வு நரம்புகளின் வழியாக வேலை செய்கிறது என்று எழுதினார். இன்னொன்றையும் கவனித்தார். சாறு கொடுத்த விலங்கின் உடல் வெப்பநிலை குறைகிறது. "எரிகிற" பொருள் உடம்பைக் குளிர வைக்கிறது. அது ஏன் எண்டு விளங்க நூறு வருடத்துக்கு மேல போச்சு. இந்த விசயத்தை ஞாபகத்தில வைச்சிருங்கோ, பின்னால வரும்.

கதையின் பெரிய பகுதி ஹங்கேரியில்தான் நடக்கிறது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கட சமையலுக்கு மிளகாய்த்தூள் எப்படியோ, அவையளுக்குப் பப்ரிக்கா அப்படி. செகெட் என்ற நகரம் பப்ரிக்காவுக்குப் பேர்போனது. அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் செந்த்-ஜோர்ஜி, பப்ரிக்காவில் இருந்துதான் விற்றமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பகுதியில் இருந்தவர் மிக்லோஷ் யாஞ்சோ. அவரும் அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான அவ்ரேலியா யாஞ்சோ-காபோரும் 1940களில் கப்சைசினைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். எலிக்கும் கினிப்பன்றிக்கும் கப்சைசினை ஒரு தடவை கொடுத்தால் அது துடிக்கும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு துடிப்பு நின்றுவிடும். கப்சைசினுக்கு மட்டும் பழகிப்போச்சு எண்டு இதைத் தள்ளிவிட ஏலாது. அந்த விலங்கின் கண்ணில் கடுகெண்ணெய் விட்டாலும், வேறு எரிச்சலூட்டும் பொருள் எதை விட்டாலும் அது கவனிக்காது. ஆனால் கண்மணியை மெல்லத் தொட்டால் உடனே கண்ணை மூடும். அதாவது நரம்பு மொத்தமாகச் சாகவில்லை. தொடுகை வேலை செய்கிறது. இரசாயன எரிச்சலைச் சொல்கிற பகுதி மட்டும் வாய் பொத்திக்கொண்டு இருக்கிறது. நோவுக்கென்று தனி நரம்புகள் இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்த நரம்பையும் அளவுக்கு மிஞ்சித் தூண்டினால் அதுதான் நோவா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாஞ்சோக்களின் விலங்குகள் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்துக்குத் தெளிவாகச் சாட்சி சொன்னன.

இந்த வேலை முதலில் ஹங்கேரியிலேயே, பிறகு 1959 இல் ஜேர்மன் மொழியில் வந்தது. ஆங்கில உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, இரும்புத்திரை விழுந்து, சின்ன மொழியில் எழுதுகிற சின்ன நாடு. செந்த்-ஜோர்ஜியே 1947 இல் நாட்டைவிட்டுப் போய்விட்டார். மிக்லோஷ் யாஞ்சோ 1966 இல் இறந்தார். நரம்பு முனைகளே தோலைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன என்று காட்டின அவர்களுடைய முக்கியமான கட்டுரை அடுத்த வருடம்தான் பிரித்தானிய இதழொன்றில் ஆங்கிலத்தில் வந்தது. அதன் மூன்றாவது ஆசிரியர் யானோஷ் சோல்ச்சானி, அப்போது இளம் ஆய்வாளர்.

சோல்ச்சானி பிறகு பேச் நகரத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். 1975 இல் அவரும் அவ்ரேலியா யாஞ்சோ-காபோரும் கப்சைசினை ஒத்த கனக்க மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மூலக்கூறின் எந்த மூலையை மாற்றினால் எரிவு குறையுது, எதை மாற்றினால் கூடுது என்று பார்த்தார்கள். பூட்டைக் காணாமல், சாவிகளைப் போட்டுப் பார்த்தே பூட்டின் வடிவத்தை ஊகிக்கிற வேலை. முடிவில், கப்சைசினுக்கென்று நரம்பில் ஒரு வாங்கி இருக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். உயர்தரத்தில உயிரியல் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சொல் பழக்கம். கலத்தின் மென்சவ்வில் நிற்கிற ஒரு புரதம், குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்தினால் மட்டும் வேலை செய்யத் தொடங்கும்.

இன்னொரு சாவி மொரோக்கோவில் கிடைத்தது. அங்கே வளர்கிற கள்ளி போன்ற ஒரு செடியின் பாலை ரோமர் காலத்திலேயே மருந்தாகப் பாவித்தார்கள். மௌரித்தானியாவின் அரசன் இரண்டாம் யூபா தன் வைத்தியர் யூஃபோர்பஸின் பெயரை அந்தச் செடிக்கு வைத்தான் என்பது பிளினி காலத்துச் செய்தி. இன்றும் அந்தக் குடும்பத்துக்கு யூஃபோர்பியா என்றுதான் பெயர். எங்கட வேலியில் நிற்கிற சதுரக்கள்ளியும் அதே குடும்பம்தான். அந்த மொரோக்கோச் செடியின் பாலில் இருந்து 1975 இல் ரெசினிஃபெரடொக்சின் என்ற பொருளைப் பிரித்தார்கள். 1989 இல் ஆர்பாட் சல்லாசியும் பீட்டர் புளும்பேர்க்கும் அமெரிக்காவில் அதைச் சோதித்து, கப்சைசின் செய்கிற அதே வேலையை ஆயிரக்கணக்கான மடங்கு வலுவாக இது செய்கிறது என்று காட்டினார்கள். சல்லாசியும் ஹங்கேரியர் எண்டதைச் சொல்லாமல் போக மனம் வரேல்லை. இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிற சாவி இருக்கெண்டால் பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் 1990களின் நடுப்பகுதி வரைக்கும் பூட்டை ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும், கல்சியத்துக்காக.

சிட்னி றிங்கர் என்ற பெயர் ஆஸ்பத்திரிக்குப் போன எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கட்டிலுக்கு மேல தொங்குகிற சேலைன் போத்தல்களில் ஒன்றில் "றிங்கர் லக்டேற்று" எண்டு எழுதியிருக்கும். அந்த றிங்கர் 1880களில் லண்டனில் தவளை இதயத்தை உடம்புக்கு வெளியே துடிக்க வைத்து ஆராய்ந்தவர். உப்புக் கரைசலில் இதயம் மணித்தியாலக் கணக்கில் நன்றாகத் துடித்தது, அதை எழுதி வெளியிட்டும் விட்டார். பிறகு பார்த்தால் கரைசல் வடித்த நீரில் செய்யப்படவில்லை, லண்டன் குழாய்த் தண்ணியில் செய்யப்பட்டிருந்தது. வடித்த நீரில் அதே உப்பைப் போட்டுச் செய்து பார்த்தார். இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணியில் இருந்து வடித்த நீரில் இல்லாதது எது? தேடினால் கல்சியம். 1883 இல் தன் முந்தைய முடிவைத் திருத்தி எழுதினார். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணியில் கேத்தில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, தண்ணியில் கல்சியம் இருக்கு எண்டது புதினமில்லை. ஆனால் அந்தக் கல்சியம் எலும்பையும் பல்லையும் தாண்டி, கலத்துக்குச் செய்தி சொல்லுற ஆளாயும் இருக்கு எண்டது அப்பதான் முதல் முதலாகத் தெரிய வந்தது.

கலத்துக்கு வெளியே கல்சியம் நிறைய இருக்கிறது. உள்ளே மிகக் குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய 10,000 மடங்கு. கலம் சக்தியைச் செலவழித்து, உள்ளே வருகிற கல்சியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் மென்சவ்வில் ஒரு சின்னக் கதவு ஒரு கணம் திறந்தாலும் போதும், கல்சிய அயன்கள் உள்ளே பாயும், கலம் அதை உடனே உணரும். நிசப்தமான வீட்டில் கேற் கிரீச்சிடுகிற மாதிரி. இதயத் தசை சுருங்குவதும், நரம்பு முனை அடுத்த கலத்துக்குச் செய்தி விடுவதும் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

அந்தச் சத்தத்தைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர் ரொஜர் சியென். 1985 இல் அவருடைய குழு "ஃபூரா-2" என்ற சாயத்தை வெளியிட்டது. இந்தச் சாயத்தை ஏற்றிய கலத்துக்குள் கல்சியம் நுழைந்தால் அது ஒளிர்கிற விதம் மாறும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, எந்தக் கலத்துக்குள் எந்தக் கணம் கல்சியம் போனது என்று அப்படியே பார்க்கலாம். சியெனுக்கு 2008 இல் நோபெல் கிடைத்தது வேறொரு ஒளிர்வுப் புரதத்துக்காக. எங்களுக்கு இந்தச் சாயம்தான் பெரிது, ஏனெண்டால் மிளகாயின் பூட்டைக் காட்டித் தந்தது இதுதான்.

இனி சான் பிரான்சிஸ்கோ. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் செடிகளின் பொருட்களை வைத்து நரம்பு வாங்கிகளைத் தேடுகிறவர். கடையொன்றில் மிளகாய்ச் சோஸ் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் நின்று, இதை ஒருநாள் தீர்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றாராம். அவருடைய மனைவி ஹொலி இங்ரகமும் விஞ்ஞானி. யோசித்தது போதும், போய்ச் செய்யும் என்று அவர்தான் தள்ளிவிட்டார் என்று ஜூலியஸே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

பிரச்சினை என்னவென்றால் பூட்டு எப்படிப்பட்ட புரதம் என்றே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த குடும்பங்களுக்குள் தேடினால் அகப்படாமல் போகலாம். ஜூலியஸின் ஆய்வுகூடத்தில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த மைக்கல் கற்றரீனா எடுத்த வழி, ஊகிக்காமல் எல்லாவற்றையும் சோதிப்பது. முண்ணாணுக்குப் பக்கத்தில் உணர்வு நரம்புக்கலங்கள் சேர்ந்திருக்கிற திரட்டுகள் உண்டு. எலிகளின் அந்தத் திரட்டுகளில் வேலை செய்கிற பரம்பரையலகுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு களஞ்சியமாக ஆக்கினார்கள். அதை ஏறக்குறைய 16,000 பிரதிகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்தார்கள். மிளகாய்க்குக் கொஞ்சமும் அசையாத சாதாரணக் கலங்களுக்குள் ஒவ்வொரு கட்டாக ஏற்றினார்கள். சியெனின் சாயத்தையும் ஏற்றினார்கள். பிறகு கப்சைசினை விட்டுவிட்டு, எந்தக் கலமாவது மினுங்குதா என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு கட்டில் சில கலங்கள் மினுங்கின. அந்தக் கட்டை இன்னும் சின்னதாகப் பிரித்து, திரும்ப ஏற்றி, திரும்பப் பார்த்து, கடைசியில் ஒரேயொரு பரம்பரையலகில் வந்து நின்றார்கள்.

அது 838 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான பரம்பரையலகு. அந்தப் புரதம் ஒரு அயன் கால்வாய். சாவி பொருந்தினால் தானே கதவாகத் திறந்து, சோடியத்தையும், அதைவிட விருப்பமாகக் கல்சியத்தையும் உள்ளே விடுகிறது. பூட்டும் கதவும் ஒன்றுதான். இன்று அதை டி.ஆர்.பி.வி.1 என்கிறார்கள். பெயரின் முன்பகுதி ஈயில் இருந்து வந்தது. 1969 இல் வெளிச்சத்தைத் தொடர்ந்து பார்க்க முடியாத ஒரு பழ ஈ வகையை விவரித்திருந்தார்கள். அந்த ஈயில் பழுதாகியிருந்த கால்வாய்க்கு இது சொந்தக்காரன். ஈயின் கண்ணும் எங்கட நாக்கும் ஒரே குடும்பப் பெயர்.

இதோடு நின்றிருந்தால் மருந்தியலில் ஒரு நல்ல கட்டுரை, அவ்வளவுதான். அவர்கள் அந்தக் கலங்களைச் சூடாக்கியும் பார்த்தார்கள். கப்சைசின் இல்லை, மிளகாய் இல்லை, வெறும் சூடு. ஏறக்குறைய 43 பாகை செல்சியசைத் தாண்டியதும் கதவு திறந்தது, கல்சியம் பாய்ந்தது. மனிதருக்குச் சூடு சுகமாக இருந்து நோவாக மாறுகிற இடமும் அதுதான், குளிக்கிற தண்ணியில் கையை வைத்து "ஆ" என்று இழுக்கிற இடம். 1997 ஒக்டோபரில் கட்டுரை "நேச்சர்" இதழில் வந்தது. அதன்படி "வாய் எரியுது" என்பது உவமை இல்லை. அடுப்பும் மிளகாயும் ஒரே கதவைத் திறக்கின்றன. எது திறந்தது என்று மூளைக்குத் தெரியாது, திறந்தது என்று மட்டும்தான் செய்தி போகிறது.

கதவு அமிலத்துக்கும் காது கொடுக்கும். காயம் பட்ட, அழற்சி வந்த இடத்தில் அமிலத்தன்மை கூடும், இன்னும் பல பொருட்கள் சுரக்கும். அப்போது கதவு திறக்கிற எல்லை 43 இல் இருந்து கீழே இறங்குகிறது. வெயிலில் கருகின தோலில் இளஞ்சூட்டுத் தண்ணி பட்டாலே கொதிக்கிற மாதிரி இருப்பது இதனால்தான். நோவு என்பது வெளியில் நடப்பதை அப்படியே அளந்து சொல்லுற கருவி இல்லை. அளவுகோலே இடத்துக்கு இடம், நிலைமைக்கு நிலைமை மாறும்.

இதுக்குப் பிறகு வேகமாக நடந்தது. 2000 இல் இந்தக் கால்வாய் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவை கப்சைசின் கலந்த தண்ணியைச் சாதாரணமாகக் குடித்தன. ஆனால் சூட்டை முழுதாக உணராமல் போகவில்லை. மிச்சத்தை யார் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு 2018 இல்தான் சரியான பதில் வந்தது, இன்னும் இரண்டு கால்வாய்கள் சேர்ந்து காவல் நிற்கின்றன. மூன்றையும் எடுத்தால்தான் எலி சுடுகிற இடத்தில் இருந்து காலை எடுக்க மறக்கிறது. ஒரு காவலாளி நித்திரையானாலும் வீடு எரியாமல் இருக்க உடம்பு செய்த ஏற்பாடு. 2002 இல் குளிர்க் கதவு கிடைத்தது. மென்தோலும் குளிரும் ஒன்றாகத் திறக்கிற கால்வாய், டி.ஆர்.பி.எம்.8. தலையிடிக்குப் பூசுகிற மென்தோல் தைலம் "குளிருது" என்பதும் அப்ப உவமை இல்லை. அதே வருடம் கோழியின் டி.ஆர்.பி.வி.1 சூட்டுக்குத் திறக்கும், கப்சைசினுக்குத் திறக்காது என்றும் கண்டார்கள். கிளிக்கு மிளகாய்ப் பழம் கொடுத்து வளர்த்த ஆக்களுக்கு இது புதுச் செய்தி இல்லை, காரணம்தான் புதிது. பறவை விதையை உடைக்காமல் விழுங்கித் தூரப் போடும். பல்லால் அரைக்கிற விலங்குக்கு மட்டும் எரியுது. மிளகாய்ச் செடிக்கு நல்ல கணக்குத்தான்.

குளிர்க் கதவை ஜூலியஸுக்குச் சமாந்தரமாகக் கண்டவர் ஆர்டெம் பட்டபூட்டியன். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மேனியர். உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்து, ஆயுததாரிகளிடம் பிடிபட்டு விடுபட்டு, 1986 இல் 18 வயதில் லொஸ் ஏஞ்சலிசுக்குப் போனவர். போய் முதல் வருடம் பீட்சா கொண்டுபோய்க் குடுத்தும், ஆர்மேனியப் பத்திரிகை ஒன்றுக்கு ராசிபலன் எழுதியும் காலத்தைக் கடத்தியவர். இந்தப் பாதை எங்கட ஊரில வீட்டுக்கு வீடு தெரிஞ்ச பாதை. 2010 இல் அவரும் பெர்த்ரான்ட் கோஸ்தும் தொடுகையின் கால்வாயையும் கண்டுபிடித்தார்கள். 72 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, பட்டியலின் கடைசியில் இருந்ததுதான் அது.

2021 பரிசு ஜூலியஸுக்கும் பட்டபூட்டியனுக்கும். தகுதியில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு பரிசை மூன்று பேர் வரைக்கும் பகிரலாம், அந்த வருடம் மூன்றாவது இடம் வெறுமையாகத்தான் இருந்தது. யாஞ்சோக்கள் இல்லை. சோல்ச்சானி 2018 இல் இறந்துவிட்டார், இறந்தவர்களுக்கு நோபெல் கொடுப்பதில்லை. களஞ்சியத்தைக் கட்டுக் கட்டாகச் சோதித்த கற்றரீனா உயிரோடுதான் இருந்தார். பெரிய கண்டுபிடிப்பு ஒரு தலைமை ஆய்வாளரின் பெயரில் நினைவில் நிற்கிறது, செகெட்டின் முப்பது வருட வேலை அறிமுகப் பந்தியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. சின்ன மொழியில் எழுதுகிற நாங்கள் இதை வேற ஆக்களின் கவலை எண்டு தள்ளிவிட ஏலாது.

மருந்து உண்டா? கதவு தெரிந்தால் அடைத்துவிடலாம் என்றுதான் மருந்துக் கம்பனிகள் ஓடின. அம்ஜென் நிறுவனம் ஏ.எம்.ஜி. 517 என்ற அடைப்பானைச் செய்து, கடைவாய்ப் பல் பிடுங்கிய ஆட்களில் சோதித்தது. அவர்களுக்குக் காய்ச்சல் அடித்தது, 40.2 பாகை வரைக்கும் போனது. சோதனை நின்றது. ஹோஜெஷ் 1878 இல் கண்டதை இப்ப ஞாபகப்படுத்துங்கோ. கதவைத் திறந்தால் உடம்பு குளிர்கிறது, அடைத்தால் சூடேறுகிறது. இந்தக் கால்வாய் நோவுக்கு மட்டுமான காவலாளி இல்லை, உடல் வெப்பத்தைச் சரிபார்க்கிற வேலையிலும் பங்கெடுக்கிறது. செகெட்டில் இருந்து வந்த ஆய்வுகளும் இதை முன்னமே சொல்லியிருந்தன. கப்சைசினால் உணர்விழந்த எலிகள் சூடான அறையில் தங்கள் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறின.

எதிர்ப்பக்கம் ஓரளவு பலித்தது. அடைப்பதற்குப் பதிலாக, கதவை நன்றாகத் திறந்து களைக்க வைப்பது. 8 வீதம் கப்சைசின் உள்ள ஒட்டுப்பட்டிக்கு 2009 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அக்கி வந்து மாறின பிறகும் விடாமல் நிற்கிற நரம்பு நோவுக்கு, மருத்துவ மேற்பார்வையில் ஒரு மணித்தியாலம் ஒட்டி எடுத்தால் மாதக் கணக்கில் ஆறுதல் தரலாம். களைப்படைய வைக்கிற ஆளும் கல்சியம்தான். வெளியே கல்சியம் இல்லாத கரைசலில் கப்சைசினை விட்டால் கதவு திறக்கும், ஆனால் முந்தி மாதிரி லேசில் களைக்காது. கல்சியம் உள்ளே போனால்தான் கலத்துக்குள் இருக்கிற நொதியங்கள் கதவை அடங்க வைக்கின்றன. அளவுக்கு மிஞ்சிப் போனால் நரம்பு முனையே பின்வாங்கிக் கருகிவிடுகிறது. நோவைக் கூவி அறிவிக்கிறதும், அந்த வாயைப் பொத்துறதும் ஒரே அயன்.

மருந்தாகப் பாவித்ததை விட ஆயுதமாகப் பாவித்தது லேசாக நடந்தது. பொலிஸ் பாவிக்கிற மிளகாய்த் தெளிப்பானில் இருப்பது கப்சைசின்தான். கண்ணீர்ப்புகையின் சி.எஸ். பொருளை 1928 இல் அமெரிக்காவில் இரண்டு இரசாயனவியலாளர்கள் செய்தார்கள், அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகள்தான் சி.எஸ். அது தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவை, கடுகும் உள்ளியும் தட்டுகிற டி.ஆர்.பி.ஏ.1 ஐ. 1974 ஜனவரி 10 இல் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகை அடித்தார்கள். 2022 இல் கொழும்பில் போராட்டக்காரர் மீது அடித்தார்கள். இரண்டிலும் கண்களில் நடந்த உடற்றொழிலியல் இதுதான். 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை இந்தப் பொருட்களைப் போரில் பாவிக்கக் கூடாது என்கிறது, சொந்த மக்கள் மீது சட்டம் ஒழுங்குக்குப் பாவிக்கலாம் என்கிறது. கதவைக் கண்ட கட்டுரை வந்ததும் அதே வருடம்தான்.

இன்னொரு இடத்திலும் மிளகாய் வருகிறது. இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்தவர்கள் மனித உரிமை அமைப்புகளுக்குக் கொடுத்த வாக்குமூலங்களில் பெற்றோல் நனைத்த பையும் மிளகாய்த்தூளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன் மிளகாய்த்தூள் எண்டதுக்கு மேலே சொன்ன விஞ்ஞானமே விளக்கம். தோல் வெந்துபோகத் தேவையில்லை, வெந்தால் திறக்கிற கதவு வேகாமலே திறக்கும். மூளைக்குப் போகிற செய்தி உண்மையான செய்தி, நோவு உண்மையான நோவு. நரம்பு முனைகள் உண்டாக்குகிற சிவப்பு, யாஞ்சோக்கள் விவரித்த அதே சிவப்பு, பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் மங்கிவிடும். நாட்கள் கழித்துச் சட்ட வைத்திய அதிகாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற போது எழுதுவதற்குத் தோலில் ஒன்றும் மிஞ்சியிராது. சித்திரவதையைக் குற்றமாக்கிய 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் இருப்பது உடலுக்கோ மனதுக்கோ கொடுக்கப்படும் கடும் நோவு. தழும்பு இருக்க வேண்டும் எண்டு அதில எங்கேயும் எழுதியில்லை.